தொகுதிக்கு வராத சட்டமன்றம்

எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் நிற்கும் பயணியர் நிழற்குடையை நிமிர்ந்து பாருங்கள். திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை, பரிந்துரைத்த சட்டமன்ற உறுப்பினரின் பெயர் என எல்லாம் பெயின்ட்டில் பளிச்சென்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ. தன் தொகுதி மக்களுக்குத் தவறாமல் எழுத்தில் தரும் கணக்கு பெரும்பாலும் அந்தச் சுவரோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது? சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிகளுக்கும் சேர்த்தால் 702 கோடி. 2025-26ஆம் ஆண்டுக்குப் பேரவையில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் மொத்தச் செலவு சுமார் 4.39 லட்சம் கோடி. அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் தொகுதி நிதியின் பங்கு கால் பைசாகூட இல்லை. மீதிச் செலவின் பெரும்பகுதிக்கு மானியக் கோரிக்கைகளில் ஒப்புதல் தருவதும் அதே எம்.எல்.ஏ.தான். அந்தப் பெரிய கணக்கில் அவர் என்ன கேட்டார், எதை எதிர்த்தார், எதற்கு மேசையைத் தட்டினார் என்பது எந்தச் சுவரிலும் இல்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதி மக்களுக்கு என்னென்ன சொல்ல வேண்டும், எந்த வழிகளில் சொல்லிவந்தார், எங்கே அந்த வழி அடைபட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கோட்டைக்குள் என்ன நடக்கிறது

தொகுதியில் நாம் பார்க்கும் எம்.எல்.ஏ. மனு வாங்குபவர், பரிந்துரைக் கடிதம் தருபவர், பூமிபூஜை போடுபவர், காதுகுத்துக்கும் துக்க வீட்டுக்கும் வருபவர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அவருக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. வினா நேரத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். பதில் திருப்தி தராவிட்டால் துணை வினா எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் தரலாம். சட்டமுன்வடிவுக்குத் திருத்தம் கொடுக்கலாம். அதைப் பொறுக்குக் குழுவுக்கு அனுப்பக் கோரலாம். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, உறுதிமொழிக் குழு ஆகியவற்றில் உறுப்பினராகிச் செலவுக் கணக்கையும் அமைச்சர்கள் கொடுத்த வாக்கையும் துருவலாம்.

இவற்றில் உறுதிமொழிக் குழு தொகுதி மக்களுக்கு மிக நெருக்கமானது. அவர்கள் மிகக் குறைவாக அறிந்ததும் அதுவே. “எங்கள் ஊர் ஆற்றுக்குப் பாலம் கட்ட அரசு முன்வருமா?” என்று உறுப்பினர் கேட்பார். “ஆவன செய்யப்படும்”, “அரசின் பரிசீலனையில் உள்ளது”, “நிதிநிலைக்கேற்ப எடுத்துக்கொள்ளப்படும்” என்று பதில் வரும். மூன்றும் கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் எடை வேறு. எது பிடித்துக் கேட்கத்தக்க வாக்குறுதி, எது நழுவல் என்று பிரித்து ஊருக்குச் சொல்ல வேண்டியவர் கேள்வி கேட்ட உறுப்பினர். “சட்டமன்றத்திலேயே பேசிவிட்டேன்” என்று மேடையில் சொல்வதோடு அவர் நிறுத்திக்கொண்டால், பாலம் பரிசீலனையிலேயே ஐந்தாண்டு கிடக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் பேரவை விதி 110. அதன்கீழ் அமைச்சர் ஒருவர் பொது முக்கியத்துவமுள்ள பொருள் குறித்து அறிக்கை வாசிக்கலாம். அதன்மீது விவாதம் கிடையாது. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது பெரும் திட்டங்கள் அடுத்தடுத்து இந்த விதியின்கீழ் அறிவிக்கப்பட்டன; பின்னர் வந்தவர்களும் அந்த வழியை விட்டுவிடவில்லை. விவாதமே இல்லாத அறிவிப்பைப் பற்றி எம்.எல்.ஏ. தொகுதியில் சொல்ல நன்றியைத் தவிர வேறென்ன இருக்கும்?

கூடும் நாட்களும் குறைவு. பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் இந்திய மாநிலப் பேரவைகள் சராசரியாக 22 நாட்களே கூடின. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டமுன்வடிவுகளில் 44 விழுக்காடு, அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறியவை. ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடத்தப்படும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொல்லியிருந்தது, ஆட்சிக்கு வந்தபின் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

மேடை பள்ளிக்கூடமாக இருந்த காலம்

சட்டமன்றச் செய்தியை ஊருக்குக் கொண்டுவரும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து ப. ஜீவானந்தம் பேரவைக்குப் போனபோது, உள்ளே பேசியதை வெளியே கொண்டுசெல்ல ஜனசக்தி இதழ் இருந்தது, தொழிற்சங்க வாயில் கூட்டம் இருந்தது. 1957இல் தி.மு.க.வின் 15 பேர் முதன்முறையாகப் பேரவைக்குள் நுழைந்தார்கள். குளித்தலையிலிருந்து வென்ற மு. கருணாநிதியின் கன்னிப்பேச்சு நங்கவரம் உழவர்களின் போராட்டத்தைப் பற்றியது. ஒரு தொகுதியின் வயல் பிரச்சினை கோட்டைக்குள் போய், அங்கிருந்து அச்சேறி மீண்டும் ஊர்ப் படிப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்களும் கருணாநிதி உடன்பிறப்புக்கு எழுதிய கடிதங்களும் கட்சிக்காரர்களுக்கானவை என்றாலும், வரவு செலவுத் திட்டத்தையும் மத்திய மாநில உறவையும் டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தது அந்த எழுத்துதான்.

“நிதிநிலை அறிக்கை விளக்கப் பொதுக்கூட்டம்” என்ற சுவரொட்டியை இன்றும் காணலாம். ஆனால் அதன் உள்ளடக்கம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் எந்த வரி ஏறியது, எந்தத் துறைக்கு எவ்வளவு குறைந்தது என்று இரவு பத்து மணிவரை எண்களைச் சொல்லிப் பேசிய மேடையில், இன்று தலைவரின் பெருமையும் எதிராளியின் சிறுமையும் பேசி முடிகின்றன. பழைய முறைக்கும் ஒரு குறை உண்டு. அது கட்சியின் குரல். உறுப்பினருக்கு ஓட்டுப் போடாதவர்களும் அவருடைய தொகுதி மக்களே. அவர்களுக்கென்று தனியாக ஒரு வழி அன்றும் இருந்ததில்லை.

சொல்வதற்கே தடை இருந்த கதை

எம்.எல்.ஏ.க்கள் சொல்லாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்றால் அது பாதி உண்மை. அவையில் நடந்ததை வெளியே சொல்வதில் சட்டச் சிக்கலும் உண்டு. அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு உறுப்பினருக்கு அவைக்குள் பேச முழுப் பாதுகாப்புத் தருகிறது. அவையின் ஆணையின்படி வெளியாகும் குறிப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உறுப்பினர் தானாக அச்சடித்து வெளியிட்டால் அது நீளாது.

மேற்கு வங்க எம்.எல்.ஏ. ஜதீஷ் சந்திர கோஷின் வழக்கு இதற்குச் சான்று. அவர் பேரவையில் கேட்க அனுப்பிய வினாக்கள் அனுமதிக்கப்படவில்லை. அவற்றை உள்ளூர் இதழொன்றில் வெளியிட்டார். வினாக்களில் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி அவதூறு வழக்குத் தொடுத்தார். தொகுதி மக்களுக்குத் தெரிவிக்கத்தானே வெளியிட்டேன் என்று சொல்லி முழுப் பாதுகாப்புக் கோர முடியாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபாநாயகர் தள்ளிவிட்ட கேள்வியைத் துண்டறிக்கையாகப் போடும் எம்.எல்.ஏ. தன் பொறுப்பில்தான் போட வேண்டும் என்பது அன்றிலிருந்து நிலைத்த சட்டம்.

பத்திரிகைகளின் நிலை சற்று மேல். அவை நடவடிக்கைகளை உண்மைக்கு மாறாமல், தீய நோக்கமின்றி வெளியிடும் செய்திக்கு, நெருக்கடி நிலைக்குப் பிறகு 1978இல் 44ஆம் திருத்தம் சேர்த்த 361ஏ பிரிவு காப்புத் தருகிறது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பேரவை உரிமை மீறல் என்ற ஆயுதத்தைக் கூர்மையாகவே எடுத்திருக்கிறது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விடுவித்தது. 2003 நவம்பரில் ‘தி இந்து’ நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்டோருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொல்லை அச்சிட்டால் என்னவாகும் என்ற அச்சம் செய்தி அறைகளில் இன்னும் முற்றிலும் போகவில்லை.

நேரலை இந்த முடிச்சைத் தளர்த்தும் என்று எதிர்பார்த்தோம். 2022 ஜனவரி 6 அன்று, பேரவை கலைவாணர் அரங்கில் கூடியிருந்தபோது, வினா நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் விவாதம் முழுவதும் அப்படி வரவில்லை. எதிர்க்கட்சியினர் பேசும்போது ஒளிபரப்பு துண்டிக்கப்படுகிறது என்ற புகாரும் திரும்பத் திரும்ப எழுந்தது. கேரளம் 2020 ஆகஸ்டிலேயே தன் பேரவைக்கென ‘சபா டிவி’ தொடங்கிவிட்டது. இமாச்சலப் பிரதேசம் 2014இலேயே காகிதமில்லாப் பேரவைக்கு மாறியது. தமிழ்நாட்டில் காகிதமில்லா நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 13 அன்று வந்தது. உறுப்பினரின் மேசையில் கணினி வந்தது. அதில் தெரிந்தது வாக்காளரின் கைபேசிக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் 21 கற்றுத்தந்த பாடம்

சட்டம் நிறைவேறும் முன்பே தொகுதிக்குச் செய்தி போக வேண்டும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று 2023 ஏப்ரல் 21. பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். வேலை நேரத்தை 12 மணி நேரம்வரை நீட்ட வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் அன்று நிறைவேறியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஏப்ரல் 21 அன்றே நிறைவேறிய இன்னொரு சட்டம், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நீர்நிலைகள் அடங்கிய நிலங்களையும் பெருந்திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழிசெய்வது அது. முதல் சட்டத்துக்கு எழுந்த சத்தம் இதற்கு எழவில்லை. காரணம் எளிது. தொழிலாளிக்குச் செய்தி சொல்லச் சங்கம் இருந்தது. ஏரிக்கரை ஊருக்குச் சொல்ல எம்.எல்.ஏ. மட்டுமே இருந்தார்.

சட்டமுன்வடிவைப் பொதுவில் வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014 பிப்ரவரியில் கொள்கை வகுத்தது. அது கொள்கைதான், சட்டமல்ல, மாநிலங்களைக் கட்டுப்படுத்துவதுமல்ல. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு சட்டமுன்வடிவு தன் ஊரைத் தொடுமா என்று படித்துப் பார்த்து முன்கூட்டியே சொல்ல வேண்டிய பொறுப்பு உறுப்பினரின் மனசாட்சியிடம் விடப்பட்டிருக்கிறது. காலையில் கையில் கிடைக்கும் சட்டமுன்வடிவு மாலையில் நிறைவேறினால் மனசாட்சிக்கும் நேரம் போதாது.

ஒரு அஞ்சலட்டைக் கணக்கு

எம்.எல்.ஏ.க்களின் தரப்பையும் கேட்போம். “ஆள் இல்லை, பணம் இல்லை, நேரம் இல்லை” என்பார்கள். 2017 ஜூலை முதல் கணக்கிட்டு உயர்த்தப்பட்ட அவர்களின் மாத வருவாய் 1,05,000 ரூபாய். அதில் தொகுதிப் படி 25,000, தொலைபேசிப் படி 7,500, அஞ்சல் படி 2,500. ஐம்பது பைசா அஞ்சலட்டை என்று வைத்தால் அஞ்சல் படியில் மாதம் 5,000 அட்டை வாங்கலாம். 2021 தேர்தலின்போது தமிழ்நாட்டில் வாக்காளர் சுமார் 6.28 கோடி, தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு அட்டை போட 54 மாதம் ஆகும். ஐந்தாண்டுப் பதவிக்காலம் 60 மாதம். ஆறரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர் கொண்டிருந்த சோழிங்கநல்லூரில் இரண்டு பதவிக்காலம்கூடப் போதாது. ஆகவே அஞ்சல் படியை நம்பிப் பயனில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

உறுப்பினருக்குச் சட்டம் படித்துச் சொல்ல ஆய்வாளர் கிடையாது. உதவியாளரின் நாள் மனுக்களிலேயே கழிகிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தபின் கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டும். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். “நான் ஏன் அப்படி வாக்களித்தேன்” என்று விளக்கத் தனி முடிவு ஏதும் அவர் கையில் இல்லை. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற நாள் அபூர்வம்; அன்று 122க்கு 11 என்று தலை எண்ணியதால் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட ஆளும் கட்சி உறுப்பினர்கள் 18 பேரின் தொகுதிகளுக்கு 2019 மே 23 வாக்கு எண்ணிக்கை வரை உறுப்பினரே கிடையாது. கட்சிக்குள் நடந்த சண்டைக்கு இருபது மாதம் குரலிழந்தவர்கள் வாக்காளர்கள்.

மக்கள் கேட்பதும் வேறு என்பார்கள். உண்மைதான். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை, பட்டா மாறுதல் ஆகவில்லை என்றே கூட்டம் நிற்கிறது. தெருவிளக்கு ஊராட்சி அல்லது நகராட்சியின் வேலை. பட்டா வருவாய்த் துறையின் வேலை. எது யார் பொறுப்பு என்று சொல்லித் தருவதும் தகவல் தருவதே. ஆனால் “அது என் வேலை இல்லை” என்று சொன்ன எம்.எல்.ஏ. அடுத்த தேர்தலில் தோற்பார் என்ற பயம் எல்லாக் கட்சிக்காரருக்கும் உண்டு. அதனால் எல்லா மனுவையும் வாங்கிக்கொள்கிறார். எல்லாப் பழியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஒவ்வொரு தொகுதியிலும் நெடுநாள் தீராத பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் அதில் அடக்கம். ஒரு தொகுதியின் முதன்மைத் தேவைகள் எவை என்று எழுத்தில் வைத்த அரிய வாய்ப்பு அது. அந்தப் பத்தையும் ஊர்ச் சாவடியில் ஒட்டி, எது முடிந்தது, எது எந்த மேசையில் நிற்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடித்துத் திருத்தியிருந்தால், அதைவிடச் சிறந்த தொகுதிச் செய்திமடல் வேறு இருந்திருக்காது.

கைபேசி வந்தபின்

இன்று பெரும்பாலான எம்.எல்.ஏ.க்களுக்கு முகநூல் பக்கம் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. அஞ்சலட்டைக் கணக்கு பொருளற்றதாகிவிட்டது. ஒரு பைசா செலவின்றி 2.68 லட்சம் பேரை எட்டலாம். வருவது என்ன? சால்வை, பிறந்தநாள் வாழ்த்து, நிகழ்ச்சிப் படம், பேரவையில் பேசிய ஒரு நிமிடத் துணுக்கு. துணுக்கில் கேள்வி இருக்கும், அமைச்சரின் பதில் வெட்டப்பட்டிருக்கும். பதில்தான் ஊருக்கு வேண்டிய செய்தி.

ஊருக்குள் கேட்கும் அமைப்பும் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடியது, பின்னர் ஆறு முறையாகியது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் வந்தன. இவை உள்ளாட்சிக்கானவை, எம்.எல்.ஏ. அங்கே வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வரக் கூடாது என்றும் விதி இல்லை.

என்ன செய்யலாம்

பெரிய சீர்திருத்தங்களைப் பேரவை செய்யட்டும்: முழு நேரலை, சட்டமுன்வடிவு அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே போதிய நாட்கள், உறுப்பினருக்கு ஓர் ஆய்வு உதவியாளர். அதுவரை காத்திராமல் ஓர் உறுப்பினர் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரே ஒரு தாள். அதில் ஏழு செய்தி: எத்தனை நாள் அவைக்குப் போனேன், என்ன வினா எழுப்பினேன், என்ன பதில் வந்தது, நம் தொகுதியைத் தொடும் எந்தச் சட்டம் நிறைவேறியது, நான் எந்தப் பக்கம் நின்றேன், அமைச்சர் கொடுத்த உறுதிமொழி எந்த நிலையில் உள்ளது, தொகுதி நிதி 3 கோடியில் எது எங்கே போனது. அவைக்குறிப்பில் ஏறியதை மட்டும் எழுதினால் சட்டச் சிக்கலும் பெரிதாக வராது. கட்சிக் கொடி, தலைவர் படம் இல்லாமல் நூலகத்திலும் ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டலாம்.

இப்படிக் கணக்குச் சொல்லும்படி எம்.எல்.ஏ.வைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. அப்படியானால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை மனுவோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகும்போது, மனுவைக் கொடுத்த கையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “ஐயா, போன கூட்டத்தொடரில் நம்ம தொகுதிக்காக என்ன கேட்டீங்க? அமைச்சர் என்ன சொன்னார்?” பத்துப் பேர் கேட்டால் உதவியாளர் குறித்துவைப்பார். நூறு பேர் கேட்டால் தாள் அச்சாகும்.